இன்னுமா பார்க்கவில்லை?

தமிழர் இருவர் சந்தித்துப் பேசத் தொடங்கினால் பத்து நிமிடங்களுக்குள் ஏதேனும் ஒரு திரைப்படம் அப்பேச்சினுள் நுழைந்துவிடும். அந்தப் படத்தை இருவரில் ஒருவர் பார்த்திராவிட்டால் பேச்சு சட்டென்று நின்றுபோகும். 'தில்லானா மோகனாம்பாள் பார்த்ததில்லையா?', 'முள்ளும் மலரும் இன்னுமா பார்க்கவில்லை?', 'நாயகன் பார்க்காத ஆளும் உண்டா?' என்று கேள்வி எழும். வினாவை ஆறாகப் பகுத்தது நன்னூல். அறிந்துகொண்டே கேட்பது, அறியாமல் கேட்பது, ஐயுற்றுக் கேட்பது, ஒன்றைப் பெறக் கேட்பது, கொடுக்கக் கேட்பது, ஏவுவதற்காகக் கேட்பது ஆகிய அவ்வாறனுள் எதிலும் இந்தக் கேள்வியை அடக்க முடியவில்லை. இது விடையை எதிர்பார்த்துக் கேட்கப்படுவதே இல்லை. வினாவின் உடை உடுத்தி வரும் வியப்பு இது.

இந்த வியப்பைச் சிறிது ஆராய்ந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஒரு சமூகம் எதைப் பார்த்து வியக்கிறது என்பதைவிட, எதைப் பாராதவரைக் கண்டு வியக்கிறது என்பது அச்சமூகத்தைப் பற்றி நமக்குக் கூடுதலாகச் சொல்லக்கூடும்.

முதலில், இது எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கண்ட முதற் கலை அரங்கு திரையரங்கே என்றும், அங்கே ஒருவரின் இருக்கையை முடிவு செய்தது அவருடைய சமூகப் படிநிலையன்று, அவரால் எவ்வளவு கொடுத்துச் சீட்டு வாங்க முடிந்தது என்பதே என்றும் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். கோயில் மண்டபத்துச் சதிரும் ஜமீன் மாளிகைக் கச்சேரியும் எல்லோருக்குமானவையாக இருந்ததில்லை. டூரிங் கொட்டகையின் மணல் தரை எல்லோருக்குமானதாக இருந்தது. தரைச் சீட்டுக்காரரும் நாற்காலிச் சீட்டுக்காரரும் ஒரே காட்சிக்கு ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நூற்றாண்டுகளாகப் பொது என்று ஒன்றைப் பெற்றிராத சமூகத்துக்கு முதன்முதலாகக் கிடைத்த பொதுச் சொத்து அது. அந்தப் பொதுவில் பங்கு கொள்ளாதவரைக் கண்டு வியப்பது ஒருவகையில் நியாயமே. திருவிழாவுக்கு வராதவரைப் பற்றி ஊர் விசாரிப்பது போன்றது அது.

ஆனால் அந்த விசாரணைக்கும் ஆயுள் உண்டு. 'ஹரிதாஸ்' படத்தையே எடுத்துக்கொள்வோம். 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த இப்படம் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகிச் சிறை சென்ற பின்னரும் படம் ஓடிக்கொண்டேயிருந்தது. அக்காலத்தில் 'ஹரிதாஸ் இன்னும் பார்க்கவில்லை' என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவரை ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள். இன்று ஐம்பது வயதுக்குட்பட்டோரில் அப்படத்தை முழுமையாகப் பார்த்தவர் அரியர். பாராதவரைக் கண்டு யாரும் வியப்பதுமில்லை. படம் அழிந்துவிடவில்லை, விரும்பினால் இன்றும் காணலாம். வியந்தவர்கள்தாம் இல்லை. ஆகவே இந்த வியப்பு படத்தின் தரத்தை அளக்கும் கோல் அன்று. வியப்பவர் எந்த ஆண்டில் பதின்பருவத்தில் இருந்தார் என்பதை வேண்டுமானால் அதைக்கொண்டு ஓரளவு கணித்துவிடலாம்.

இன்று நாற்பதுகளில் இருக்கும் நம் தலைமுறையின் வியப்புப் பட்டியலைப் பாருங்கள். நம்மில் பெரும்பாலோர் 'திருவிளையாடல்' (1965), 'காதலிக்க நேரமில்லை' (1964) போன்ற படங்களைப் பார்த்தது திரையரங்கில் அன்று. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. எண்பதுகளில் சிற்றூர்களுக்கும் பெட்டி வந்து சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை மாலைத் திரைப்படம் வாரச் சடங்காயிற்று. தெருவுக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு ஒரே அலைவரிசை. பெட்டி இருந்த வீட்டுத் திண்ணையும் கூடமும் நிறைந்து வழியும். அன்று என்ன படம் போடுகிறார்களோ அதைப் பார்த்தோம். நாடகப் பாணி வசனமும் பதினைந்து பாடல்களும் கொண்ட பழைய படமானாலும் எழுந்து செல்ல வேறிடம் இல்லை. நாம் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த படங்களெல்லாம் நமக்கு மனப்பாடமாயிருப்பதற்குக் காரணம் நம் ரசனையின் உயர்வு என்று எண்ணிக்கொள்கிறோம். தேர்வுரிமை இல்லாமை என்பதே உண்மைக் காரணம்.

1993இல் தனியார் தொலைக்காட்சி வந்தது, அலைவரிசைகள் பெருகின, பிறகு குறுந்தகடுகளும் இணையமும் கைப்பேசியும் வந்தன. இன்று கல்லூரிக்கு வரும் மாணவர் 2000க்குப் பின் பிறந்தவர். 'நாயகன்' (1987) அவர் பிறப்பதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த படம். அவர் கையில் உள்ள கருவியில் உலகத்துப் படங்களெல்லாம் இருக்கின்றன. ஆகவே எந்தப் படத்தையும் அவர் பார்த்தே தீர வேண்டிய கட்டாயமில்லை. அவர் கொரியத் தொடரைப் பார்க்கிறார், மலையாளப் படத்தைப் பார்க்கிறார். நாம் பார்த்திராதவற்றை அவர் பார்த்திருக்கிறார். அவர் நம்மைப் பார்த்து வியப்பதில்லை என்பது அவருடைய பெருந்தன்மை என்றே கொள்ள வேண்டும்.

இங்கே இன்னொன்றும் கருதத்தக்கது. 'பார்த்தல்' என்பதே நாம் நினைப்பது போல் அத்தனை எளிய சொல்லன்று. படத்தைப் பாராமலே அறிவது தமிழரின் நெடுநாள் வழக்கம். காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்களை வாங்கிப் பாடியவர் எல்லோரும் அந்தப் படங்களைப் பார்த்தவரல்லர். 'பராசக்தி' (1952) வசனத்தை ஒப்பித்த இளைஞர்களில் பலர் அதை அச்சில் படித்து மனப்பாடம் செய்தவர்கள். வானொலியின் ஒலிச்சித்திரம் ஒரு முழுப் படத்தையும் காதுக்குள் ஓட்டிக் காட்டியது. கோயில் கொடைக்கும் திருமணத்துக்கும் கட்டப்பட்ட குழாய் ஒலிபெருக்கிகளில் 'திருவிளையாடல்' உரையாடல் மீண்டும் மீண்டும் ஒலித்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் தருமியின் புலம்பலை ஏற்ற இறக்கம் பிசகாமல் சொல்வார்கள். நாகேஷின் உடல்மொழியை அவர்கள் பார்த்தது பல ஆண்டுகள் கழித்தாக இருக்கலாம்.

இதன் இன்றைய வடிவம்தான் மீம். 2019 மே மாத இறுதியில் 'நேசமணி'க்காக உலகமே பிரார்த்தித்தது பலருக்கும் நினைவிருக்கலாம். 2001இல் வெளிவந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரத்தின் பெயர் அது. தமிழே அறியாதவர்களும் யாரோ ஒரு நேசமணியின் தலையில் சுத்தியல் விழுந்துவிட்டதாக எண்ணி நலம் விசாரித்தார்கள். அவர்களுள் எத்தனை பேர் அப்படத்தைப் பார்த்தவர்கள்? இன்றைய மாணவரிடம் 'கரகாட்டக்காரன்' (1989) பார்த்ததுண்டா என்று கேட்டால் இல்லை என்பார். ஆனால் வாழைப்பழத்தைக் காட்டினால் சிரிப்பார். கவுண்டமணியும் செந்திலும் அவருக்குத் தெரியும். அவர்கள் வந்து போன கதை தெரியாது. இதைப் பார்த்த கணக்கில் சேர்ப்பதா, பாராத கணக்கில் சேர்ப்பதா? சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை மட்டும் பாடப்பகுதியாகப் படித்துவிட்டுச் சிலம்பைப் படித்ததாகச் சொல்லிக்கொள்ளும் எத்தனையோ பட்டதாரிகளை நாம் ஏற்றுக்கொண்டுதானே இருக்கிறோம்?

இவ்வளவும் சொன்ன பின் இந்த வியப்பினால் விளையும் தீங்கையும் சொல்லியாக வேண்டும். இலக்கிய மன்றக் கூட்டம் ஒன்றில் நேர்ந்தது இது. சிறப்புரையாற்ற வந்தவர் நகைச்சுவை ததும்பப் பேசக்கூடியவர். பேச்சினிடையே சிவாஜி கணேசன் படம் ஒன்றின் பெயரைச் சொல்லி, 'இதைப் பார்க்காதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்' என்றார். மூன்று மாணவியர் கையுயர்த்தினர். 'தமிழ் படிக்க வந்துவிட்டு இதைக்கூடப் பார்க்கவில்லையா?' என்று அவர் கேட்க, அரங்கம் சிரித்தது. பின்னர் விசாரித்ததில், ஒருத்தியின் குடும்பம் சமய நம்பிக்கை காரணமாகத் திரைப்படம் பார்ப்பதையே விலக்கிய குடும்பம் என்று தெரிந்தது. இன்னொருத்தியின் வீட்டில் மின்னிணைப்பே அவள் எட்டாம் வகுப்பு படிக்கும்போதுதான் வந்ததாம். மூன்றாமவள், 'பார்க்கத் தோன்றவில்லை ஐயா' என்றாள். மூன்றும் தக்க காரணங்களே. மூன்றாவது காரணம் மற்ற இரண்டினும் தாழ்ந்ததன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர் வியப்பை மருட்கை என்கிறார். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கும் அது பிறக்கும் களன்கள். நகைக்கு அவர் சொல்லும் களன்களுள் முதலாவது எள்ளல். 'இன்னுமா பார்க்கவில்லை' என்பது மருட்கையாய்த் தொடங்கி, பாதி வழியில் எள்ளலாய் மாறிவிடுவது. கூட்டத்தில் கேட்கப்படும்போது அது விரைந்து மாறுகிறது. அந்த மூன்று பெண்களும் அடுத்த கூட்டத்தில் அதே கேள்வி எழுந்தால் கையுயர்த்தப் போவதில்லை. பார்த்தவர் போல் தலையசைக்கக் கற்றுக்கொண்டிருப்பார்கள். நம் வியப்பு அவர்களுக்குக் கற்றுத் தந்தது அதை மட்டுமே.

ஆங்கில நாவலாசிரியர் டேவிட் லாட்ஜ் 1975இல் எழுதிய 'சேஞ்சிங் பிளேசஸ்' நாவலில் ஒரு விளையாட்டு வரும். தாம் படிக்காத, ஆனால் மற்றவரெல்லாம் படித்திருக்கக்கூடிய நூல் ஒன்றின் பெயரை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அதைப் படித்தவர் எத்தனை பேரோ அத்தனை புள்ளிகள். வெற்றி வெறியில் ஓர் ஆங்கிலப் பேராசிரியர் 'ஹாம்லெட்' படித்ததில்லை என்று சொல்லிவிடுகிறார். ஆட்டத்தில் வெல்கிறார், வேலையை இழக்கிறார்.

இந்த விளையாட்டைத் தமிழ்ச் சூழலில் ஆடிப் பார்த்தால் என்ன ஆகும்? படித்த தமிழர் பத்துப் பேர் கூடிய அவையில் ஒருவர் எழுந்து 'மோகமுள் படித்ததில்லை' என்று சொல்லட்டும். யார் வியப்பார்கள்? 'புயலிலே ஒரு தோணி' படித்ததில்லை என்றால்? 'அப்படி ஒரு நூலா?' என்ற பதில் வந்தாலும் வரும். அதே அவையில் 'தில்லானா மோகனாம்பாள் பார்த்ததில்லை' என்றால் பத்துத் தலைகளும் திரும்பும். அப்படம் கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் கோபுலுவின் ஓவியங்களோடு தொடராக எழுதிய நாவலிலிருந்து பிறந்தது. வைத்தியையும் ஜில் ஜில் ரமாமணியையும் அறியாதவரில்லை. நாவலைப் புரட்டியவர் மிகச் சிலர். 'முள்ளும் மலரும்' (1978) உமாசந்திரனின் நாவலை அடியாகக் கொண்டது. 'உதிரிப்பூக்கள்' (1979) புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து முளைத்தது. மகேந்திரனின் இவ்விரு படங்களையும் பாராதவரிடம் வருந்திப் பேசும் நண்பர்கள் 'சிற்றன்னை'யைப் படிக்காதவரிடம் அவ்வாறு பேசி நாம் கேட்டதில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அது 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த நாள்தொட்டு, அதைப் படிக்காதவரை 'இன்னுமா?' என்று கேட்கும் வழக்கம் இருந்து வருகிறது. ஆயினும் அந்தக் கேள்வி ஊரெங்கும் ஒலித்தது மணிரத்னத்தின் படம் 2022இல் வெளிவந்தபோதுதான். புத்தகத்தைப் படிக்காமைக்கு வியப்பு உண்டாவதற்கும் ஒரு படம் வர வேண்டியிருந்தது. திரைப்படத்தைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. அதன் புகழ் அது உழைத்துப் பெற்றது. நம் பொதுச் சொத்துப் பட்டியலில் வேறெதுவும் ஏன் இடம்பெறவில்லை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வியப்பைத் திரைக்கு மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டோம். படிக்காமைக்கு மன்னிப்பும் பாராமைக்குத் தண்டனையும் வழங்கும் சமூகமாக இருக்கிறோம்.

இதற்கு மறுப்புச் சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. பொதுவில் நாலு படங்களாவது இல்லாவிட்டால் ஒரு சமூகம் எதை வைத்துப் பேசிக்கொள்ளும் என்று அவர்கள் கேட்கிறார்கள். ஆசிரியர்களாகிய நமக்கு இந்த இழப்பு நன்றாகவே தெரியும். பெருமிதத்தை விளக்கக் கட்டபொம்மனும் ஜாக்சன் துரையும் எதிரெதிரே நிற்கும் காட்சி ஒன்றே முன்பு போதுமாயிருந்தது. அச்சத்தையும் நகையையும் ஒருங்கே விளக்கக் 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் இடம் கைகொடுத்தது. இன்று அப்படிச் சொன்னால் பாதி வகுப்பு வெறிதே பார்க்கிறது. உவமை சொல்லிவிட்டு உவமையை விளக்க மீண்டும் ஓர் உவமை தேட வேண்டியிருக்கிறது. எல்லோரும் தத்தம் கைப்பேசிக்குள் தனித்தனியே வெவ்வேறு படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் காலத்தில், ஒரே காட்சிக்கு ஓர் ஊரே சிரித்த அனுபவம் மெல்ல மறைகிறது. மணல் தரையில் கிடைத்த அந்தப் பொதுமை எளிதாகக் கிடைத்ததன்று. அதன் மறைவுக்கு வருந்துவதில் தவறில்லை.

ஆனால் வருத்தம் வேறு, இளக்காரம் வேறு. பொதுமை குறைகிறது என்று வருந்துபவர் அதை வளர்க்க வழி தேடுவார். 'இன்னுமா பார்க்கவில்லை' என்று கேட்பவர் அத்தோடு நின்றுவிடுகிறார். கேட்டவர் உள்ளே, கேட்கப்பட்டவர் வெளியே. சீட்டு வாங்கிய எவரையும் உள்ளே விட்ட கொட்டகையின் பெயரால் இப்போது வாயிலில் ஒரு காவலாளி நிற்கிறார்.

மேலும், பாராமை எப்போதும் குறையுமன்று. 1931இல் வட்டமேசை மாநாட்டுக்காக இலண்டன் சென்றிருந்த காந்தியடிகளை சார்லி சாப்ளின் சந்தித்தார். உலகமே அறிந்த அம்முகத்துக்குரியவர் யாரென்று காந்திக்குப் பிறர் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் சந்திப்பு கெட்டுவிடவில்லை. இயந்திரங்களை நீங்கள் ஏன் வெறுக்கிறீர்கள் என்று சாப்ளின் கேட்க, அதற்குக் காந்தி விரிவாக விடை சொன்னதைச் சாப்ளினே தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். எதிரிலிருப்பவர் தம் படம் எதையும் பாராதவர் என்பது அவ்வுரையாடலுக்கு எவ்விதத் தடையாகவும் இல்லை.

பாராதவரிடம் நம்மிடம் இல்லாத ஒன்றும் இருக்கிறது. அது முதற்பார்வை. இதற்கு 'பராசக்தி'யே சிறந்த சான்று. நம் தலைமுறைக்கு அப்படம் என்றாலே நீதிமன்றக் காட்சிதான். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், மு. கருணாநிதியின் வசனம், சிவாஜி கணேசனின் முதற்படம் என்று வரலாற்றுக் குறிப்புகளாகவே அது நம் மனத்தில் பதிந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் சிலர் அதை முதன்முறையாக முழுமையாகப் பார்த்தனர். பார்த்து முடித்தபின் அவர்கள் குணசேகரனைப் பற்றி அதிகம் பேசவில்லை. கல்யாணியைப் பற்றிப் பேசினார்கள். கணவனையும் தந்தையையும் இழந்து, கைக்குழந்தையோடு இட்லிக் கடை வைத்துப் பிழைக்கப் பார்த்து, செல்லுமிடமெல்லாம் ஆண்களின் தொல்லைக்கு ஆளாகி, இறுதியில் பசி தாளாது குழந்தையை ஆற்றில் எறிகிற நிலைக்கு வந்து நிற்பவள் அவள். அவளுடைய வழக்கை விசாரிக்கும் நீதிபதி அவளுடைய சொந்த அண்ணன். இரங்கூனிலிருந்து போருக்கு அஞ்சிக் கால்நடையாய் வந்த அகதிகளின் காட்சியைக் கண்டு, இன்றைய அகதிகளை நினைத்ததாக ஒரு மாணவர் சொன்னார். வசனத்தைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த நாம் வசனத்துக்கு அப்பால் இருந்த கதையைக் காண மறந்திருந்தோம். அவர்களுக்கு அந்த வசனம் மனப்பாடமில்லை. அதனால்தான் கதை தெரிந்தது.

ஆகவே நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே. அந்த வியப்பு எழுவதைத் தடுக்க இயலாது. நமக்கு நெருக்கமான ஒன்றை அறியாதவரைக் காணும்போது மனம் துணுக்குறுவது இயல்பு. எழுந்த வியப்பை அடுத்த நொடியில் என்ன செய்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. கல்லூரித் தமிழ்த் துறைகள் மாதம் ஒரு மாலையை ஒதுக்கி, ஒரு படத்தையும் அதற்கு மூலமான கதையையும் சேர்த்து அறிமுகம் செய்யலாம். 'உதிரிப்பூக்கள்' திரையிடும் வாரத்தில் 'சிற்றன்னை'யை வாசிக்கச் சொல்லலாம். வர விரும்பாதவரை அவர் விருப்பப்படி விட்டுவிடலாம். வீட்டில், பிள்ளைகள் நம்மோடு அமர்ந்து ஒரு பழைய படத்தைப் பார்ப்பதற்கு ஈடாக, அவர்கள் சொல்லும் புதிய படம் ஒன்றை நாமும் முழுமையாக, கைப்பேசியைத் தொடாமல், பார்த்து முடிக்கலாம். இந்தப் பண்டமாற்று இல்லாமல் பொதுமை என்பது இனி உருவாகப் போவதில்லை.

அடுத்த முறை ஒருவர் தயங்கித் தயங்கி, 'அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை' என்று சொன்னால், கதையைச் சொல்லிவிடாமல் இருப்போம். அவருக்கு ஒரு மாலைப்பொழுது ஓய்வு உண்டா என்று கேட்போம்.